திருப்பிப் பார்த்த அட்டிகை

அக்கா,

உன் அட்டிகை இன்று சாயங்காலம் திரும்பி வந்துவிட்டது. உன் மாமியார் சௌல்தாரியிலிருந்து பஸ்ஸில் வந்து, கைக்குட்டை முடிச்சோடு மேஜையில் வைத்தார்.

"உங்க பொண்ணு மாத்தி வச்ச நகை. நீங்களே வச்சுக்குங்க சம்பந்தி. அசலை யாருகிட்ட குடுத்தாளோ, அவளுக்குத்தான் வெளிச்சம்."

அப்பா அதைத் தொடக்கூட இல்லை. "நான் குடுத்தது இது இல்லம்மா" என்றார். நீ செத்து மூன்று மாதம் ஆகிறது. இன்னும் அதையே சொல்கிறார். நான் டீ டம்ளரை அந்த முடிச்சுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

இப்போது அப்பா தூங்குகிறார். சமையலறையில் சிம்னி விளக்கின் திரியை இறக்கி வைத்துக்கொண்டு பூகோள நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அவர் இருமினால் நோட்டு அரிசிப் பானைக்குள் போய்விடும்.

எனக்கு உன் மேலும் கோபம். அம்மா போன பிறகு, அப்பா வேலைக்குப் போன மத்தியானங்களில் டிரங்குப் பெட்டியைத் திறந்து அம்மாவின் அட்டிகையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வோமே, அப்போது அதை எனக்கு மனப்பாடமாக்கியவள் நீதான். "முன்னாடி என்னடி பாக்குற, திருப்பிப் பாரு" என்பாய். கழுத்தில் பட்டுப் பட்டுப் பின்பக்கம் வழவழவென்று ஆகியிருந்தது. வளையங்கள் ஒன்றோடொன்று உரசும் உள்பக்கத்தில் மட்டும் நூலாக மெலிந்திருந்தன. சிவப்புக் கற்களில் ஒன்று போல் இன்னொன்று இல்லை.

உன் கல்யாணத்துக்கு முன்னால், மெருகு போட்டு வருகிறேன் என்று அப்பா அதை எடுத்துக்கொண்டு இந்தத் தீவிலிருந்து மெயின்லேண்டுக்குக் கப்பலேறினார். திரும்பி வந்த கப்பலிலேயே ஒரு பழைய லாரியும் வந்து இறங்கியது. காண்ட்ராக்ட் வேலைக்கு லாரி கிடைத்ததென்று எங்கள் லம்பா லைன் பேட்டை முழுக்க லட்டு கொடுத்தோம். நானும் இரண்டு தின்றேன்.

கல்யாணத்தன்று காலையில் அட்டிகையைக் கையில் வாங்கியதும் நீ திருப்பினாய். நானும் எட்டிப் பார்த்தேன். கற்கள் எல்லாம் ஒரே அளவு, ஒரே சிவப்பு. பழசாகக் காட்டப் பூசிய கறுப்பு, தேய்ந்து மின்ன வேண்டிய மேட்டிலும் அப்பியிருந்தது. வளையங்களை வெளிப்பக்கம் அரத்தால் ராவியிருந்தார்கள். உள்பக்கம் அப்படியே முழுசாக இருந்தது. வெளியே மேளம் ஆரம்பித்துவிட்டது. நீ அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "வாயத் தொறக்காத பாப்பா. அப்பா மானம் போயிடும்" என்றாய்.

அப்பா மானம் போகவில்லை அக்கா. உன் மானம்தான் போனது.

அபர்டீன் பஜாரில் கொக்கி மாற்றக் கொடுத்தபோது கடைக்காரன் சிரித்துக்கொண்டே "யே புரானா நஹி ஹை" என்றானாம். பழசு இல்லை என்று ஒரு பெங்காலிக்காரன் வாயால் கேட்டுவிட்டு வந்த உன் மாமியார் அப்பாவை வரச்சொல்லி அனுப்பினார். நானும் கூட வந்தேன். நீ அடுப்படி வாசலில் நின்றாய். அப்பா அட்டிகையை வாங்கி, நிஜமாகவே சோதிப்பவர் போல வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகுதான் "நான் குடுத்தது இது இல்லம்மா" என்றார். நீ அவரைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். நான் குனிந்து என் செருப்பு வாரைச் சரிசெய்தேன். வார் நன்றாகத்தான் இருந்தது.

காய்ச்சலில்தான் நீ போனாய் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் சாவு வீட்டிலேயே இரண்டு பேர் "நகையை மாத்தினாளே, அவதானே?" என்று பேசிக்கொண்டதை நான் கேட்டேன். அப்பாவும் கேட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

உன் மாமியார் இன்று ராத்திரி பஜாரில் தன் தம்பி வீட்டில் தங்கியிருக்கிறார். காலை ஆறரை பஸ்ஸில் போய்விடுவார். இங்கே ஐந்து மணிக்கெல்லாம் விடிந்துவிடும். அட்டிகையை ஸ்கூல் பையில் போட்டுக்கொண்டு ஓடினால் பிடித்துவிடலாம். அப்பாவுக்குத் தெரிந்தால் ஸ்கூலை நிறுத்தி, அடுத்த கப்பலில் என்னைப் பெரியப்பா வீட்டுக்கு ஏற்றிவிடுவார். அடியும் விழும். பயமாகத்தான் இருக்கிறது.

சொல்ல வேண்டியது ஒரே வரி. "கல்யாணத்தன்னிக்குக் காலையில எங்க வீட்லயே இது புதுசாத்தான் இருந்தது அத்தை." இருபது தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். 'எங்க வீட்லயே' என்று வரும்போது ஒவ்வொரு தடவையும் அங்கேயே நிறுத்தி, முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். அந்த இரண்டு சொல்லைத் தாண்டிவிட்டால் மிச்சம் தானாக வந்துவிடும்.