கரி தூவிய பனி

ஜம்மு
2 மார்ச் 1996

அன்புள்ள நவாங் அண்ணனுக்கு,

ஜூலே, வணக்கம். இங்கே இப்போதே வெயில் சுடுகிறது. நம் சான்ஸ்கரில் வயல்மேல் இடுப்பளவு பனி கிடக்குமே! பனி சீக்கிரம் உருக, தொழுவத்தில் சேர்த்த மண்ணை ஊரார் குறிக்கும் நாளில்தான் பனிமேல் தூவ வேண்டுமா? கறுப்பு வெயிலை இழுக்கும் என்று படித்தோம். மண்ணோடு அடுப்புக்கரியையும் கலந்து இப்போதே தூவினால் இருபது நாள் முன்னால் விதைக்கலாம். போன வருடம்போல பார்லி முற்றாமல் உறைபனியில் போகாது. அதிகப்பிரசங்கித்தனமாக இருந்தால் மன்னியுங்கள்.

தங்கை,
யாங்டோல்

சான்ஸ்கர்
18 மார்ச்

அன்புத் தங்கச்சிக்கு,

பனியில் பாதை மூடியிருப்பதால் ஹெலிகாப்டரில் வந்த உன் கடிதம் கிடைத்தது. சொன்னபடியே தூவிவிட்டேன். கீழ்வீட்டு டோல்கர் அத்தை கூரைமேல் நின்று, "ஏன்டா, பனிக்கு மை பூசுறியே, அதுக்கென்ன கல்யாணமா?" என்று கத்தினாள். "என் தங்கச்சி காலேஜ்ல படிக்கிறா அத்தை, தெரிஞ்சுதான் சொல்லுவா" என்றேன். பனி இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்,
நவாங்

ஜம்மு
20 மார்ச்

அண்ணா,

இன்றுதான் தைரியம் வந்து பேராசிரியரிடம் கேட்டேன். பனிக்கு அடியில் நிலமும் உறைந்திருக்குமாம், தண்ணீரைக் குடிக்காதாம். இன்னும் தூவவில்லை என்றால் தூவாதீர்கள். தூவியிருந்தால் முதலில் வாய்க்கால் பனியை வெட்டிவிடுங்கள். இது எப்போது வந்து சேருமோ. பதில் போடுங்கள்.

யாங்டோல்

சான்ஸ்கர்
25 ஏப்ரல்

யாங்டோலுக்கு,

உன் இரண்டாம் கடிதம் நேற்றுத்தான் வந்தது.

ஊரார் முதலில் வாய்க்காலை வெட்டிவிட்டுத்தான் மண் தூவுவார்கள். அவசரத்தில் நான் மறந்துவிட்டேன். வெயில் ஏறியதும் மூன்றே நாளில் மீதிப் பனி முழுக்கத் தண்ணீராகி, போக வழியில்லாமல் தூவிய மண்ணையும் அடித்துக்கொண்டு அத்தை வீட்டுக்குள் புகுந்தது. நானும் அவளும் மண்வெட்டியோடு நின்றோம், எங்கே வெட்டினாலும் ஐஸ். அவளுடைய விதை பார்லி மூட்டை எல்லாம் நனைந்து முளைத்துவிட்டது. நம் விதையைக் கொடுத்துவிட்டேன். நமக்கு இந்த வருடம் விதைப்பு இல்லை.

ஊர்க்கூட்டத்தில், "படிச்ச புள்ள சொன்னாளா?" என்று கேட்டார்கள். "அவ ஒண்ணும் சொல்லல, எனக்காவே தோணிச்சு" என்றேன். அத்தை மட்டும் நம்பவில்லை.

பாதை திறந்ததும் லீவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாய். இந்த வருடம் வராதேம்மா. அத்தை நேராக உன்னைத்தான் கேட்பாள். உனக்குப் பொய் சொல்ல வராது.

நவாங்