முடிவெடுத்தவர் பெயர்

இராயபுரம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் ஜூடிக்கு,

புனேயின் குளிரில் ஆண்டவர் உன்னை நலமாக வைத்திருக்கட்டும். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதத்தான் ஆசை. அப்பா ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

நம் டயர் பட்டறையைப் பற்றி உன் படிப்புக்காக நீ எழுதிய கேஸ் ஸ்டடி வந்தது. உரிமையாளர் சம்மதக் கையெழுத்து சனிக்கிழமைக்குள் வேண்டும் என்றாயே, அதற்காக, நீ தமிழில் எழுதி வைத்திருந்ததை அப்பா முழுவதும் படித்தார். ‘உரிமையாளரின் குறுகிய பார்வை’ என்ற இடத்தில் வெகுநேரம் நின்றார். பிறகு, “பொண்ணு கரீட்டாத்தான் எழுதிகீது ஞானம், பேனாவ குடு” என்றார். பேனா எழுதவில்லை என்று பொய் சொல்லி, காகிதத்தை ஒளித்துவிட்டேன். இன்று காலையும் கேட்டார்.

கேஸ் ஸ்டடி எழுதுவது பற்றி நீ இங்கே விட்டுப்போன புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். ஒரே மூச்சில் படித்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாதாம். யார் முடிவெடுத்தார், அன்றைக்கு அவருக்கு என்ன தெரியும், வேறு என்ன வழி இருந்தது என்று கேட்ட பிறகுதான் குறை சொல்ல வேண்டுமாம். சில்லறை லாரிக்காரர்களை விட்டு ஒரே கண்டெய்னர் கம்பெனியை நம்பினோம், அவர்கள் சொந்தப் பட்டறை போட்டதும் விழுந்தோம் என்று எழுதியிருக்கிறாய். உண்மைதான். ஆனால் முதல் கேள்வியை நீ கேட்கவே இல்லை. பட்டறைப் பலகையில் லூயிஸ் என்று அப்பா பெயர் இருந்ததால் முடிவும் அவருடையது என்று வைத்துக்கொண்டாய்.

முடிவு என்னுடையது ஜூடி. டோல்கேட் பக்கத்து லாரிக்காரர்கள் பாக்கியை மாதக்கணக்கில் இழுத்தடிப்பதைக் கணக்கு நோட்டில் காட்டி, இவர்களை விட்டு அந்தக் கம்பெனியைப் பிடியுங்கள் என்றேன். “அவனுங்க நம்ம தோஸ்துமே, நாளிக்கு ஒண்ணுன்னா அவனுங்கதான் வந்து நிப்பானுங்க” என்றார். மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள், “உன் இஷ்டம்மே, மூஞ்ச மட்டும் இப்டி வச்சிக்காத” என்று சிரித்துவிட்டுப் போய் லாரிக்காரர்கள் எல்லாரையும் நிறுத்தினார். பிறகு பட்டறை விழுந்து, அங்கே ஏழு பேருக்கு வேலை போயிற்று. லூயிசுக்குப் பேராசை என்று சொந்தக்காரர்களே பேசினார்கள். அவர் வாய் திறக்கவில்லை. நானும்தான். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொன்னதில்லை.

அவர் வீட்டிலேயே இருப்பதால் போனில் பேச முடியவில்லை, கூரியரில் அனுப்புகிறேன். உன் ஆசிரியரிடம் நான்கு நாள் தவணை கேள். அந்தப் பக்கத்தைத் திருத்தி என் பெயரைப் போடு. மார்க் குறைந்தால் குறையட்டும்.

அப்பாவிடம் கேட்டால், அம்மா சும்மா சொல்கிறாள், நான்தான் செய்தேன் என்பார். இத்தனை வருடமும் அவர் சொன்னதை நம்பினாய். இதை மட்டும் நம்பாதே ஜூடி.

மாதா உன் பக்கத்தில் இருக்கட்டும்.

உன் அம்மா,
ஞானம்