பாட்டில் மூடி

என் வீட்டுக்காரிக்கு,

நல்லாயிருக்கியா? மகளும் பேத்தியும் சுகமா? பேத்தி தூங்க விடுறாளா? நம்ம மக பிறந்தப்ப ரெண்டு பேரும் மூணு மாசம் கண்ணை மூடல, அது ஒரு பெரிய கதை, கிடக்கட்டும்.

பள்ளிக்கூடத்துல நான் பார்த்துக்கிற ஒன்பதாம் வகுப்புப் பொண்ணு, கையில பலமில்லாம சக்கர நாற்காலியில வர்ற வாயாடி, அவளை மாற்றுத்திறனாளிப் பிள்ளைங்களுக்கான தனிப் பள்ளிக்கு அனுப்பணுமான்னு பார்க்கப் போன வாரம் ஒரு மேடம் வந்தாங்க. தண்ணி பாட்டிலைத் திறக்கச் சொன்னாங்க. அவளுக்கு அஞ்சு நிமிஷம் ஆகும், ஆனா திறந்துடுவா. அன்னைக்கு எனக்கு ஒரே இடுப்பு வலி, அசதி. பழக்கதோஷத்துல வாங்கித் திறந்து நீட்டிட்டேன். மேடம் 'தானாக முடியாது'ன்னு எழுதிட்டாங்க.

"ஏன் மாமா, பரீட்சை உங்களுக்கா எனக்கா?"ன்னு கேட்டா. அதோட பேச்சை நிறுத்திட்டா. அவ திட்டினாக்கூடத் தாங்கிக்குவேன்.

மறுநாளே தலைமை ஆசிரியர்கிட்ட போய், தப்பு என்னோடதுன்னு சொன்னேன். "மறுபடி வரச் சொல்றேன். ஆனா நீங்க அந்த ரூம் பக்கமே போகக் கூடாது"ன்னார்.

இன்னைக்கு மேடம் வந்திருக்காங்க. நான் வராந்தா பெஞ்சுல உட்கார்ந்திருக்கேன். கை சும்மா இருக்க மாட்டேங்குது, அதான் உனக்கு எழுதுறேன். இடுப்பைப் பத்தி நீ கவலைப்படாதே. பத்து நிமிஷமாச்சு, உள்ள சத்தமே

இரு, கூப்பிடுறா. "மாமா, திறந்தாச்சு. பாதி தரையில கொட்டிடுச்சு, வந்து துடைங்க"ங்கிறா. துணியை எங்க வச்சேன்னு தெரியல, எழுந்திருச்சா இடுப்பு