நீ மூடிவிட்டுப் போன இறக்கை

அன்புத் தம்பி பாபுவுக்கு,

எங்கே இருந்தாலும் இது உன் காதில் விழும் என்ற நம்பிக்கையில், பாதி பாசமும் மீதி கோபமுமாக உன் அக்கா எழுதுவது. இன்றைக்குக் கோபம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள். எதிர்த்துப் பேச முடியாத இடத்துக்குப் போய்விட்டாய், கேட்டுத்தான் ஆக வேண்டும்.

வருகிற வெள்ளிக்கிழமை உனக்கு முதல் வருஷத் திதி. அன்றைக்கு உன் விமானம் பறக்கும், மலைக்கோயிலை ஒரு சுற்றுச் சுற்றும், கீழே நின்று நாங்கள் கையெடுத்துக் கும்பிடுவோம் என்று ஏற்பாடு. அது நடக்காதப்பா. விமானத்தின் இடது இறக்கை நம் ரோஜாப் பசுமைக்குடிலில், இரண்டு மர ஸ்டாண்டுகளின் மேல், தையல் பிரித்த தலையணை மாதிரித் திறந்து கிடக்கிறது.

"வெறும் பெயிண்ட் வேலதான்க்கா. ஆறே மாசம்" என்று சொன்னவன் நீ. மூடிப்போன ஒரு பறக்கும் பயிற்சிக் கழகத்தின் ஏலத்தில், நம் இருவரைவிடவும் வயதான இரண்டு சீட்டு விமானத்தை எடுத்து வந்து, உன் மாமா ரோஜா போடுவதை நிறுத்திவிட்டுச் சும்மா விட்டிருந்த பாகலூர் ரோட்டுக் குடிலைக் கேட்டாய். வாழ்நாளெல்லாம் அடுத்தவன் விமானத்தைப் பழுது பார்த்தவனுக்குச் சொந்தமாக ஒன்று இருக்கட்டுமே என்று நான்தான் கட்டிக்கொண்டவள் என்ற உரிமையில் மாமாவிடம் பேசினேன்.

லாரியில் அது வந்த நாள் நினைவிருக்கிறதா? செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாப்பா இது?"

"ஏரோப்ளேன் சார்."

"ஓடுமா?"

"ஓடாது சார், பறக்கும்."

"றெக்கையக் காணமே?"

"பின்னாடி லாரில வருது சார்."

அவர் சிரித்த சிரிப்பு எல்லையைத் தாண்டிக் கர்நாடகம் வரைக்கும் கேட்டிருக்கும். அன்றைக்கு நாமும் சிரித்தோம். அதற்குப் பிறகு சிரிக்க எங்கே விட்டது அந்த விமானம்?

பளபளவென்று இருந்த வாலைக் கழற்றினால் உள்ளே எலிக்கூடு. மூக்குக்குப் பக்கத்தில் பெயிண்டைச் சுரண்டினால், எப்போதோ எங்கோ மோதி நசுங்கிய தகட்டை யாரோ பட்டி பார்த்து மறைத்திருக்கிறார்கள். பெட்ரோல் போகிற ரப்பர் குழாய் வெளியே வழவழப்பு, வளைத்தால் அப்பளம் மாதிரி உடைந்தது. வாலை அசைக்கிற கம்பிக் கயிறு, கப்பி மேல் வளைகிற இடத்தில் மட்டும் பிரிபிரியாகப் போயிருந்தது. கயிற்றைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். ஒன்றைச் சரிசெய்யத் திறந்தால் பத்து தெரியும். என் வீட்டுக் கணக்கில் பாலுக்கும் கேஸுக்கும் நடுவே உன் விமானத்துக்கு ஒரு பத்தி போட்டேனே, அது மற்ற எல்லாப் பத்தியையும் தின்றுவிட்டு இன்னும் வாயைத் திறந்துகொண்டுதான் இருக்கிறது.

பெங்களூரிலிருந்து சோதனை செய்ய வருவாரே ராவ் சார், அவர் மட்டும் அலட்டிக்கொள்ளவே மாட்டார். "அம்மா, பழைய விமானத்துல கண்ணுக்குத் தெரியற ரிப்பேருக்கு பயப்படாதீங்க. அது பாவம், ஒளிஞ்சுக்கத் தெரியாதது" என்பார். எட்டாவதோடு நின்றவள் நான். அந்த இங்கிலீஷ் கையேட்டை ஒவ்வொரு வார்த்தையாகப் போனில் போட்டுப் பார்த்துப் படித்தேன். ஸ்பார் என்றால் இறக்கையின் முதுகெலும்பு என்பது வரைக்கும் தெரிந்துகொண்டேன். நீ போகும்போது இரண்டு இறக்கையும் முடிந்திருந்தன. என்ஜின் மட்டும்தான் பாக்கி என்றாய்.

கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தவன், இறங்கும் இடம் வந்தும் எழுந்திருக்கவில்லை. தூங்குகிறாய் என்று நினைத்தார்களாம். இதயத்தின் ரத்தக்குழாயில் ரொம்ப நாளாகவே அடைப்பு இருந்திருக்கிறது என்றார் டாக்டர். வருஷா வருஷம் கம்பெனியிலேயே பரிசோதனை வைத்தார்கள். "எனக்கென்னக்கா, கல்லு மாதிரி இருக்கேன்" என்று ஒரு வருஷம்கூட நீ போகவில்லை. விமானத் தகட்டில் ஒவ்வொரு ரிவெட் ஆணியாகத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டவன், உன் நெஞ்சுக்கு ஒரு தடவை காது கொடுத்திருக்கக் கூடாதா?

பாக்கி வேலையை சலீம்தான் எடுத்துச் செய்தான். பைலட் லைசென்ஸை வைத்துக்கொண்டு வேலை கிடைக்காமல், அவன் அப்பாவின் ஹார்டுவேர் கடையில் ஆணியும் பெயிண்டும் விற்கிறானே, அதே சலீம். கடை சாத்தியதும் நேராகக் குடிலுக்கு வந்துவிடுவான். திதியன்று பறக்கலாம் என்றதும் அவன்தான். "பாபுக்கு நான் வேற என்ன செய்ய முடியும் அக்கா? ஒரே ஒரு ரவுண்டு. நானே ஓட்டறேன்." எனக்கு அழுகையே வந்துவிட்டது. சரி என்றேன். என்ஜினும் நன்றாக ஓடியது. ராவ் சார் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டால், லாரியில் ஏற்றிப் பக்கத்து ஓடுதளத்துக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்.

போன வாரம் சலீமின் அம்மா வீட்டுக்கு வந்தார். காப்பி வேண்டாம் என்றார். பூஜை அறைப் பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"மேல போறது எம்புள்ள. நீ எல்லாத்தையும் பாத்துட்டியாம்மா?"

"ராவ் சார் பாத்திருக்காருங்கம்மா."

"அவரு பாத்தது இருக்கட்டும். உன்னைத்தான் கேக்கறேன்."

பார்த்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் காலையில் குளித்துவிட்டுக் குடிலுக்குப் போனேன். சீட்டுகளைத் துடைத்தேன். நான் உனக்குக் கொடுத்த தகட்டை எடுத்து மஞ்சள் குங்குமம் வைக்கலாம் என்று தேடினேன். மலைக்கோயில் குருக்களிடம் சொல்லி, யந்திரம் எழுதி, ஒரு மண்டலம் பூஜையில் வைத்து வாங்கிய செப்புத் தகடு. "வெச்சுட்டேன்க்கா, பத்திரமா இருக்கு" என்றாயே. சீட்டுக்கு அடியில் இல்லை, கதவில் இல்லை, மூக்கில் இல்லை.

"சலீமு, தகடு எங்கடா?"

அவன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

"கேக்கறேன்ல?"

"இடது றெக்கைக்குள்ளக்கா. ராவ் சார் பாத்துட்டுப் போனதும், ஸ்பார் ஓரமா டேப் போட்டு ஒட்டி வெச்சுட்டு, மேல மூடி ரிவெட் அடிச்சுட்டான். எங்க அக்கா குடுத்த சாமி, நல்லா நடு றெக்கையில இருக்கட்டும்டான்னான்."

ஒரு நிமிஷம் எனக்குப் பூரித்துப் போய்விட்டது, பொய் சொல்வானேன். அடுத்த நிமிஷம் ஒரு பழைய சத்தம் காதில் விழுந்தது. ஒரு ஆயுதபூஜைக்கு, தீர்த்தம் வைத்த செம்பை அந்த இறக்கை மேல் நான் வைத்ததும் ராவ் சார் வேண்டாம் வேண்டாம் என்று கன்னடத்தில் கத்தினாரே, "தாமிரா பேடம்மா, பேடா! அலுமினியத்துக்கு மேல தாமிரம் இருந்து தண்ணியும் பட்டா அரிச்சிடும்!" என்று. பக்கத்தில் நின்று தலையாட்டியவன் நீதானே?

திறக்கச் சொன்னேன். சலீம் முடியாது என்று குடிலை விட்டே வெளியே போய்விட்டான். பின்னாலேயே போனேன்.

"அது அவன் கையால அடிச்ச ரிவெட்டுக்கா. அவன் வேலைன்னு மிச்சம் இருக்கறதே அதான். டிரில் போட்டுப் பிரிக்கச் சொல்றீங்களா?"

"ஆமாண்டா."

"பிளாஸ்டிக்ல சுத்தித்தான் வெச்சான். நான் பாத்தேன்."

"அதுக்கப்புறம் யாரு பாத்தா?"

உன் மாமா இடையில் புகுந்தார். "இத்தினி நாள் கழிச்சு ஒரு நல்லது நடக்கப் போவுது. தொட்டதையே தொட்டுக்கினு இருக்காத. சாமி தகட்டாலயா கெடுதல் வரும்?" என்றார். தினமும் விளக்கேற்றுகிறவளிடம் கேட்கிற கேள்வியா அது?

"பறக்கறது அவங்க புள்ள. நான் பாத்துட்டேன்னு அந்தம்மா கிட்ட சொல்லணும்" என்றேன்.

ராவ் சாருக்குப் போன் செய்து இறக்கையின் எந்த மூடுதகட்டைக் கழற்றுவது என்று கேட்டுக்கொண்டோம். சலீமே டிரில்லை எடுத்தான். ஒவ்வொரு ரிவெட்டாகத் தலை தெறித்து விழ விழ, பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கண்ணைத் துடைக்கக் கை இல்லாமல் தோளில் துடைத்துக்கொண்டான். அந்த மூடுதகட்டை நெம்பித் தூக்கியதும் செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன்.

உள்ளே வெள்ளை வெளேரென்று திருநீறு.

சில வீடுகளில் சாமி படத்திலிருந்து கொட்டும் என்பார்களே, அதுபோலத் செப்புத் தகட்டைச் சுற்றிக் குவிந்திருந்தது. முருகா, நீயே உள்ளே உட்கார்ந்து காப்பாற்றியிருக்கிறாய், நான்தான் சந்தேகப்பட்டுவிட்டேன் என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. விரலால் தொட்டு நெற்றிக்குக் கொண்டு போனேன்.

"அக்கா! வெக்காதீங்க!" சலீம் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அது திருநீறு இல்லக்கா. அலுமினியம். அரிச்சுப் போயி மாவாயிருக்கு."

வெயில் சூட்டில் பிளாஸ்டிக் உறை மொரமொரத்துக் கிழிந்திருந்தது. ஒட்டிய டேப் விட்டு, தகடு நழுவி, தண்ணீர் வடிகிற சின்ன ஓட்டையைச் சரியாக அடைத்துக்கொண்டிருந்தது. குடிலின் பிளாஸ்டிக் கூரையில் விடிகாலையில் வேர்த்துச் சொட்டுமே, அந்த நீரெல்லாம் இறக்கையின் இடுக்குகளில் கசிந்து இறங்கி உள்ளேயே தேங்கியிருக்கிறது. ராவ் சார் வந்து ஸ்பாரின் மேல் ஒரு ஸ்குரூடிரைவரின் முனையை வைத்தார். அழுத்தக்கூட இல்லை. பழைய பிஸ்கட்டில் இறங்குவது போல இறங்கிவிட்டது. பெயிண்ட் பூசிய வெளிப்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை, பாபு.

"ராவ் சார், இதோட போயிருந்தா?" என்றான் சலீம்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நின்னுட்டிருக்கும்போது தெரியாது. மேல போய்த் திரும்பும்போது தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

மலைக்கோயிலைச் சுற்றித்தானே திருப்பச் சொல்லியிருந்தோம்?

இப்போது சொல், நான் யார் மேல் கோபப்படுவது? குருக்கள் மேலா? அவர் நான் கேட்டதைக் கொடுத்தார். சாமி மேலா? நாக்கு கூசுகிறது. பட்டறையில் செம்பையும் அலுமினியத்தையும் தனித்தனி அலமாரியில் வைத்தவன் நீ. உனக்குத் தெரியாதா? தெரிந்ததால்தானே பிளாஸ்டிக்கில் சுற்றினாய்? "இது ஆகாதுக்கா, வீட்லயே வெச்சுக்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் என்ன, சோறு போடாமலா இருந்திருப்பேன்? அக்கா மனது நோகக் கூடாது என்று எதையெல்லாம் இப்படிச் சொல்லாமல் மூடினாய்? நெஞ்சு வலித்ததையும் அப்படித்தான் மூடினாயா? அதை இனி எந்த ரிவெட்டைப் பிரித்துப் பார்ப்பேன்?

மறுநாள் சலீமின் அம்மா வந்தார். விஷயம் அதற்குள் எட்டியிருக்கிறது. அழுவார், திட்டுவார் என்று நினைத்தேன். நெற்றிக்குக் கொண்டுபோன என் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார். "இப்பப் பாத்துட்டல்லம்மா" என்றார். அவ்வளவுதான். அன்றைக்குக் காப்பி குடித்தார்.

அடுத்து என்ன என்று கேட்பாய். ஸ்பாரை மாற்ற வேண்டும். இந்த ரகத்துக்கு இப்போது புதிதாக வருவதில்லை, எங்கேயாவது தேட வேண்டும், அல்லது ராவ் சார் சொல்கிற பட்டறையில் செய்ய வேண்டும். விற்றுவிடலாமா என்று மாமா கேட்டார். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒருவர் ஓட்டல் வாசலில் நிறுத்தக் கேட்கிறாராம், குழந்தைகள் ஏறிப் போட்டோ எடுத்துக்கொள்ள. நான் பதில் சொல்வதற்குள் சலீம், "அக்கா, வலது றெக்கையையும் தொறந்துடலாமா?" என்றான். பிரிக்க மாட்டேன் என்று வெளியே ஓடியவன்! உன் ரிவெட்டுத் தலைகளை ஒரு ஜாம் பாட்டிலில் போட்டு அவன் கடை கல்லாவில் வைத்திருக்கிறான். விமானத்தை விற்கவில்லை. இப்போதைக்கு இல்லை.

இன்னொன்றும் நடந்தது. உன் மாமாவை இதயப் பரிசோதனைக்குக் கூப்பிட்டேன். "எனக்கென்ன, கல்லு மாதிரி..." என்று ஆரம்பித்தார். அந்த வார்த்தைக்கு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுத் தெலுங்கம்மா, என்ன ஆச்சோ என்று பதறி, "ஏமைந்தி?" என்று ஓடி வந்துவிட்டார். சனிக்கிழமை போகிறோம். நானும்தான்.

தகட்டைக் கொண்டுவந்து புளி போட்டுத் தேய்த்தேன். எழுத்துகள் அப்படியே பளிச்சென்று இருக்கின்றன, ஒன்றுகூட அழியவில்லை. அதன் மேல் ஒரு தப்பும் இல்லை. அது இருக்க வேண்டிய இடம் அது இல்லை, அவ்வளவே. பூஜை அறையில் வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை உனக்குப் பிடித்த வாழைப்பூ வடையோடு இலை போடுகிறேன், வந்து சாப்பிடு. வானத்தைப் பார்த்து ஏமாந்து நிற்காதே.

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அந்த இறக்கையை மறுபடி மூடும் நாளில், மூலை மூலையாக என் விரலை விட்டுப் பார்த்த பிறகுதான் மூடச் சொல்வேன். உள்ளே தகடு வைக்க மாட்டேன், பூ வைக்க மாட்டேன், உன் பெயர் எழுதிய சீட்டுக்கூட வைக்க மாட்டேன். காலியாக இருக்கட்டும். சலீம் மேலே போய்த் திரும்பி வந்து இறங்குகிற வரைக்கும் கீழே நின்று முருகனைக் கூப்பிட எனக்குத் தொண்டை இருக்கிறது. பக்கத்தில் அவன் அம்மா அவர் சாமியைக் கூப்பிடுவார்.

கோபம் இன்னும் ஆறாத,
உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா,
விஜயா