இரும்பு மோதிரமும் வாசலில் இருந்த செருப்பும்

அன்பு மகன் இத்ரீஸுக்கு,

உன் அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை மர்ஸூகா எழுதுவது. இத்தாலியில் அந்தத் தூரின் நகரத்துக் குளிர் உன் நெஞ்சில் ஏறாமல் இறைவன் காக்கட்டும். இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், உன் அப்பாவும்தான். அதைத்தான் முதலில் எழுதச் சொன்னேன், இல்லாவிட்டால் கீழே இருப்பதைப் படித்துவிட்டு நீ அந்த ஊரில் தனியாக உட்கார்ந்து நடுங்குவாய்.

மர்ஸூகா முதலில் பார்த்தது செருப்பை. வெள்ளிக்கிழமை விடியும்போது ஆடுகளை அவிழ்க்கப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்பாவின் செருப்பு ஜோடியாக இருந்தது, அப்பா இல்லை, சுவரில் சாய்த்திருந்த மண்வெட்டியும் இல்லை. நம் பக்கத்தில் ஓர் ஆம்பிளை செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போனால் அது ஓர் இடத்துக்குத்தான் என்பது உனக்குத் தெரியும். பெரிய போரில் புதைத்த கண்ணிவெடி கிடக்கிற மண்ணில் எது இளகியிருக்கிறது என்று வெறுங்காலுக்குத்தான் தெரியும், செருப்புக்குத் தெரியாது என்பார் உன் சித்தப்பா ஜாதல்லா. அதைச் சொல்கிற அவருக்கே ஒரு கால்தான் மிச்சம்.

உன்னைக் குறை சொல்லவில்லை மகனே, ஆனால் எல்லாம் உன் கடிதத்தில் ஆரம்பித்தது. பெருமழைக்குப் பிறகு அப்பா வழக்கம்போல் தெற்கே கண்ணிவெடி நிலத்தைச் சுற்றிய முள்கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, கயிற்றில் கட்டிய காந்தத்தை உள்ளே வீசிப் பழைய இரும்பு இழுத்துக்கொண்டிருந்தார். ஆணிகளோடும் தகரத்தோடும் ஒரு மோதிரம் ஒட்டிக்கொண்டு வந்தது. வெள்ளி என்று நினைத்து எனக்குக் கொண்டுவந்து காட்டினார். ஜாதல்லா விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணே, காந்தத்துல ஒட்டுற வெள்ளிய இப்பத்தான் பாக்குறேன். அண்ணி கையில போட்டு விடு, திருட வர்றவன்கூடப் பாவம்னு திருப்பிக் குடுத்துட்டுப் போவான்" என்றார். வெறும் இரும்பில் எவன் மோதிரம் செய்து போடுவான் என்று எல்லோருக்கும் ஆச்சரியம். உட்பக்கம் தேய்த்துப் பார்த்தால் நம் எழுத்தில்லாத எழுத்து. அதைத்தான் மர்ஸூகா படம் வரைகிற மாதிரி வரைந்து உனக்கு அனுப்பினாள்.

நீ எழுதிய பதிலை இவள் படிக்க நாங்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். அந்த எழுத்துக்கு 'தாய்நாட்டுக்குத் தங்கம்' என்று அர்த்தம், பெரிய போருக்கு முன்பே இத்தாலிக்காரர்கள் ஹபஷா நாட்டின் மேல் படையெடுத்தபோது மற்ற நாடுகள் சில சரக்குகளை விற்கமாட்டோம் என்று கையை விரித்துவிட்டன, உடனே அரசாங்கம் கல்யாணமானவர்களிடம் கல்யாண மோதிரத்தையே கேட்டு வாங்கி உருக்கிவிட்டு பதிலுக்கு இரும்பு மோதிரம் கொடுத்தது, கடைசியில் இருந்த கோடுகள் அந்த ஆட்சிக்காரர்கள் தங்களுக்கென்று புதிதாக எண்ணிய ஆண்டு, நீ குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி இர்மா அம்மாளின் தாயும் சாகும்வரை அப்படி ஒன்றைப் போட்டிருந்தாள் என்று எழுதியிருந்தாய். கல்யாண மோதிரத்தையா கேட்டார்கள் என்று நான் இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். என்னை அறியாமல் என் கைவளையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். ஜாதல்லா அதையும் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க அண்ணி, உங்ககிட்ட கேக்குறதுக்கு எந்த அரசாங்கத்துக்கும் தைரியம் வராது" என்றார்.

அதோடு நீ நிறுத்தியிருக்கலாம். வரைந்ததைப் பார்த்து இர்மா அம்மாள் அழுதாள், மோதிரம் போட்டு வந்த அந்தச் சிப்பாயை அங்கே யாராவது புதைத்தார்களா என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள் என்று எழுதிவிட்டாய். அந்த வரியை அப்பா மறுபடி படிக்கச் சொன்னார். மழை மண்ணை அரித்த இடத்தில், வேலிக்கு உள்ளே, வெள்ளையாக ஏதோ தெரிந்ததை அவர் முன்பே பார்த்திருக்கிறார், ஏதோ ஒட்டக எலும்பு என்று விட்டிருக்கிறார். அன்றிலிருந்து அவருக்கு ரொட்டி இறங்கவில்லை.

நான் கத்தினேன், சண்டை போட்டேன், அழுதேன். "கூப்பிடாம வந்தாலும் வந்தவன் விருந்தாளிதான், இத்ரீஸ் அம்மா. பொண்டாட்டி போட்டுவிட்ட தங்கத்தக் குடுத்துட்டு இரும்ப மாட்டிக்கிட்டு வந்திருக்கான். அவன என் நெலத்துல வெயில்ல போட்டுட்டு நான் நெழல்ல உக்காந்து டீ குடிக்கிறதா?" என்றார் உன் அப்பா. ஜாதல்லாவைக் கூப்பிட்டுப் புத்தி சொல்லச் சொன்னேன். "போயிட்டு வா அண்ணே. என் காலும் அங்கதான் கெடக்கு, கண்டா அதையும் சேத்துப் பொதைச்சிடு. ஆனா உன்னைப் பொறுக்கிக்கிட்டு வர என்னைக் கூப்பிடாத, எனக்குக் குனிய முடியாது" என்றார் அவர். அவ்வளவு பேசியவர் வெளியே வந்து என்னிடம், "மழ பெஞ்சிருக்கு அண்ணி. வெடியெல்லாம் தண்ணியோட நகந்திருக்கும். எங்க எது இருக்குன்னு அத வெச்சவனுக்கே இப்ப தெரியாது" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதேயில்லை.

வெள்ளிக்கிழமை செருப்பைப் பார்த்ததும் ஜாதல்லாவைக் கூட்டி வா என்று மர்ஸூகாவை விரட்டிவிட்டு நான் வாசலில் நின்றேன். தெற்கே பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. உடம்பெல்லாம் காதாகி அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். பின்னால் ஓர் ஆடு தகர வாளியை முட்டித் தள்ளியது. அவ்வளவுதான், அப்படியே உட்கார்ந்து தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். அவர் பெயரைச் சொல்லிக் கதறினேன். வாளி உருண்டு என் முழங்காலில் வந்து இடித்த பிறகுதான் அது வாளி என்று தெரிந்தது. உடனே ஒரு கிடாய்க்குட்டி அறுத்து ஊருக்குப் போடுவதாக வேண்டிக்கொண்டேன். என் வேண்டுதல் வீண் போகவில்லை, வெகுநேரம் கழித்து உன் அப்பாவும் மர்ஸூகாவும் தெற்கிலிருந்து ஒன்றாக நடந்து வந்தார்கள். அவராகவே மனம் மாறித் திரும்பிவிட்டார் என்றாள் இவள். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு குழி தோண்டி மோதிரத்தை வைத்து மூடி, மேலே கல் அடுக்கினார். உன் கடவுள் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு வந்தாராம். ஆனால் மகனே, எனக்கு நெஞ்சு ஆறவில்லை. காலையில் கண் விழித்ததும் நான் முதலில் பார்ப்பது அவர் காலில் செருப்பு இருக்கிறதா என்றுதான். டீயைக் கையில் வைத்துக்கொண்டு தெற்கே பார்த்தபடியே இருக்கிறார், டீ ஆறிப்போகிறது. மோதிரத்தைப் புதைத்தால் ஆளைப் புதைத்த கணக்காகுமா என்று ஜாதல்லாவிடம் கேட்டிருக்கிறார். அதனால் நீ உடனே ஒரு கடிதம் எழுத வேண்டும். இர்மா அம்மாள் கேட்டுச் சந்தோஷப்பட்டாள், அந்தக் கல்லே போதும், இனி யாரும் அங்கே காலெடுத்து வைக்கக் கூடாது என்று சொன்னாள் என எழுது. அவள் சொன்னால் நல்லது. சொல்லாவிட்டாலும் எழுது. நான் சொன்னால் கேட்கமாட்டார், விருந்தாளியின் வீட்டார் சொன்னால் கேட்பார்.

நேரத்துக்குச் சாப்பிடு, கழுத்தை மூடிக்கொள். நீ அனுப்பிய சட்டை அப்பாவுக்குத் தோளில் சரியாக இருக்கிறது. அத்திமரங்கள் மழையில் தப்பித்துவிட்டன. நீ மிதிக்கிற மண் எல்லாம் உனக்குக் கெட்டியாக இருக்கட்டும். கடிதத்தை மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா

அண்ணா, அம்மா ரொட்டி சுடப் போய்விட்டாள். இதை அவளுக்குப் படித்துக் காட்டமாட்டேன். நான் சித்தப்பாவைக் கூப்பிடப் போகவில்லை. அவர் கோல் ஊன்றி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று பயந்து நேராக வேலிக்கு ஓடினேன். அப்பா கம்பிக்கு உள்ளே போயிருந்தார், முதுகைக் காட்டியபடி, ஒரு காலை வைத்துவிட்டு அடுத்த காலை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட வாய் வரவில்லை, நாலு பேர் முன்னால்கூடப் பேசாதவள் நான் என்பது உனக்குத் தெரியும். கத்தினால் திடுக்கிட்டுக் காலைத் தப்பாக வைத்துவிடுவாரோ என்றும் பயம். ஈர மண்ணில் அவருடைய பாதங்கள் ஒவ்வொன்றாகப் பதிந்திருந்தன. நான் என் செருப்பைக் கழற்றி வெளியே ஜோடியாக வைத்துவிட்டு, கம்பியைத் தூக்கிக் குனிந்து உள்ளே போய், அவருடைய முதல் காலடியில் என் காலை வைத்தேன். கம்பி கிறீச்சிட்டதும் அவர் மெதுவாகத் தலையை மட்டும் திருப்பினார். "மர்ஸூகா, வராதடி. அப்பா சொல்றேன்ல, அப்படியே திரும்பிப் போ" என்றார். அப்பாவின் முகத்தில் பயத்தை நான் அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த காலடியில் என் காலை வைத்தேன்.