பனியன் வேஸ்ட்டால் துடைத்த கண்ணாடி

ஜனனி அக்கா,

கார் சாவி டிவி பக்கத்தில் இருக்கிறது. ஒளித்து வைக்கலாமா என்று யோசித்தேன், வைக்கவில்லை.

இன்றிரவு கோவை ஏர்போர்ட்டிலிருந்து, நம் கம்பெனியில் பனியன் வாங்கும் வெளிநாட்டு பையரை அழைத்துவரப் புதுக் காரை அப்பா உன்னிடம் கொடுத்துவிட்டார். நானும் கேட்டேன். "அக்கா ஓட்டறதப் பாத்துக் கத்துக்க கண்ணு" என்றார். லைசென்ஸ் முதலில் எடுத்தவன் நான். யார் கேட்கிறார்கள்.

காலையில் முன்கண்ணாடியில் படிந்த பஞ்சைக் கம்பெனி பனியன் வேஸ்ட்டால் துடைத்தாயே, அது நிட்டிங் மெஷின் துடைத்த துணி. ஆயில் கண்ணாடி முழுக்க ஏறிவிட்டது. பகலில் தெரியாது. ராத்திரி எதிரே லாரி ஹை பீம் போட்டு வந்தால் உனக்கு ரோடே தெரியாது.

அப்பாவிடம் சொல்லத்தான் ஓடினேன். சொல்லியிருந்தால் சாவி என் கைக்கு வந்திருக்கும். பாதி வழியில் திரும்பிவந்து சோப்புத் தண்ணீர் விட்டு நானே கழுவினேன். உள்பக்கமும்.

தோசை மாவு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. வயிறு முட்டச் சாப்பிடாதே, தூக்கம் வரும். வந்தால் வண்டியை ஓரங்கட்டி டீ குடி. பையர் காத்திருப்பார்.

காலேஜில் நாடக ஒத்திகை. முடித்துவந்து தூங்கிவிடுவேன்.

கவின்

அப்பா கேட்டால் கண்ணாடியை நீயே கழுவியதாகச் சொல்லிக்கொள். அந்தப் பேரும் உனக்கே போகட்டும்.

தூங்க மாட்டேன். ஊடு வந்ததும் என் கதவைத் தட்டு. பொறாமையில்தான் விழித்திருப்பேன், வேறெதுவும் நினைத்துக்கொள்ளாதே.