மேட்டில் ஒரே ஓர் இடம்

நவம்பர் 4
தேவாலய மேட்டில் இனி ஒரே ஒரு சவக்குழிக்குத்தான் இடமாம். சபைத் தலைவர் ஸ்லோட்டமா சொன்னார். என் கணவர் ரெம்ப்ட்டுக்குப் பக்கத்து இடம். அவர் இருக்கும்போதே இரண்டாகச் சொல்லிவைப்போம் என்றேன். அவசரமில்லை என்றார். பிறகு அவருக்கு மட்டும் அவசரம் வந்துவிட்டது.

நவம்பர் 6
அடுத்த வீட்டு ஹார்மும் அதே இடத்தைக் கேட்டிருக்கிறான். அதற்கு மறுபக்கம் அவன் அம்மாவின் கல்லறையாம்.

கடலுக்குப் பயந்து ஆயிரம் வருஷமாகச் சாணியும் களிமண்ணும் கொட்டி முன்னோர் உயர்த்திய மேடு. அதில் பாதியை வெட்டிப் படகில் ஏற்றி உரமாக விற்றது ஹார்மின் கொள்ளுத்தாத்தா. வெட்டிய இடம் இன்னும் சுவர் மாதிரி நிற்கிறது. கீழே தோண்டினால் உடனே தண்ணீர்.

வேலியோரம் கேட்டேவிட்டேன். "உங்க கொள்ளுத்தாத்தா மேட்டை எருவா வித்தாரு. இப்ப உனக்கு மேடு கேக்குதா?"

"அவரு மேட்டு மேலதான் படுத்திருக்காரு, ட்ரீன்கே. தனக்கு வேணுங்கிறதை விட்டுட்டுத்தான் வித்தாரு."

நவம்பர் 12
சபை முடிவு: ஊரில் அடுத்து யார் இறக்கிறார்களோ, அவருக்கு. பெயர் போடவில்லை, எங்கள் இருவரைத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். ஸ்லோட்டமாவுக்கு இதில் பெருமை வேறு. அறுபதுகூட ஆகவில்லை, எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிக்கிறார். எதையும் சொல்லலாம்.

நவம்பர் 20
ஹார்ம் இருமுகிறான். சுவர் வழியாகக் கேட்கிறது.

நவம்பர் 21
இன்னும் இருமுகிறான். பட்டாணி சூப் கொண்டுபோனேன், கரண்டி நட்டால் நிற்கும் பதத்தில். எனக்கு முன்னால் அவன் போய்விடக் கூடாது. அவ்வளவுதான்.

காபி கொடுத்தான். பிஸ்கட் டப்பாவைத் திறந்தான். ஒன்று எடுத்தேன். மூடினான்.

டிசம்பர் 9
வாசலெல்லாம் உறைபனி. என் படியில் மட்டும் மணல் தூவியிருந்தது. "நீ வழுக்கி விழுந்து போய்ச் சேந்துட்டா என் இடம் போயிடும்" என்றான் ஹார்ம். நியாயம்தான்.

டிசம்பர் 27
சூப் வாராவாரம் ஆகிவிட்டது. இருமல் நின்றுவிட்டது, ஆனாலும்.

செத்தபின் யார் பக்கத்தில் கிடக்கிறோம் என்று தெரியவா போகிறது? தெரியாது. இருந்தாலும் வேணும். நாப்பது வருஷம் அந்த மனுஷனுக்கு இடது பக்கம் படுத்தவ நான் — வேற எங்க போய்ப் படுப்பேன்?

ஜனவரி 15
ஸ்லோட்டமா இறந்துவிட்டார். அணைக்கரையில், எதிர்க்காற்றில், சைக்கிளில்.

ஜனவரி 20
விதி விதிதான். ஊர் வழக்கப்படி தேவாலயத்தை மூன்று முறை சுற்றி, ரெம்ப்ட்டுக்கும் ஹார்மின் அம்மாவுக்கும் நடுவில் ஸ்லோட்டமாவை இறக்கினார்கள். அண்டை வீட்டார் முறைக்கு ஹார்மும் பெட்டியைத் தூக்கினான்.

"ரெம்ப்ட்டுக்கு இவரைக் கண்டாலே ஆகாது" என்றேன் மெதுவாக.

"எங்கம்மாவுக்கும்தான்."

சிரித்துவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன்.

பிப்ரவரி 3
கீழே, மேடு இருந்த இடத்தில், இரண்டு இடம் சொல்லிவைத்தோம். தண்ணீர் ஊறும். கொள்ளுத்தாத்தா சார்பில் ஹார்ம் மன்னிப்புக் கேட்டான். எந்தப் பக்கம் வேண்டும் என்றான். இடது என்றேன்.

பிப்ரவரி 5
சூப் கொண்டுபோனேன். இனி அவன் முன்னால் போனாலும் எனக்கு நஷ்டமில்லை. கொண்டுபோனேன்.

பிஸ்கட் டப்பாவைத் திறந்தான். ஒன்று எடுத்தேன். மூடவில்லை.